இரண்டாவது பிரேக்

டர்பனில் பிப்ரவரி.
கார் கண்ணாடிக்கே வியர்க்கிறது.
கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு
இடது இருக்கையில் நான்.
என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.
பழக வருகிறவர்கள்
அதை மறந்தால்தான் ஓட்டுவார்கள்.

நான்கு வருஷம் முன்னால் சிறுநீரில் நுரை.
முதுகில் ஊசி இறக்கிக்
கடுகளவு சதை எடுத்துப் பார்த்து
லூபஸ் என்றார்கள்,
சிறுநீரகத்தில் குடியேறிவிட்டது என்றார்கள்.
லத்தீனில் ஓநாயாம்.
ஓநாயே இல்லாத நாட்டில்
எனக்கென்று ஒன்று.

அப்புறம் எல்லாமே அதன் கணக்கில்தான்.
கால் வீங்கினால் சிறுநீரகம்.
முகம் உப்பினால் மாத்திரை.
சீப்பில் முடி, மதியத்தில் தூக்கம்,
மாணவர் பெயர் மறந்து
'தம்பி, தம்பி' என்று சமாளித்தது,
எதற்கும் அதே பதில்.
எந்தத் தட்டு உடைந்தாலும்
ஒரே பிள்ளைக்கு அடி விழுகிற வீடு மாதிரி.
அடித்தவர்களில் நானும் ஒருத்தி.

தோபிலேக்கு ஐம்பத்து நான்கு வயது.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை.
இரண்டு முறை தேர்வில் தோற்றவள்.
"லோஷ்னி, ஜனவரியில் நீ கிளட்ச் என்று கத்தினால்
வாத்து மாதிரி இருக்கும்.
இப்போது என் அண்ணன் பேசுகிற மாதிரி இருக்கிறது."
சிரித்தேன். சிரிப்பும் அண்ணனுடையதுதான்.

மியர்பேங்கில், மூடிக் கிடக்கும் எண்ணெய் ஆலைக்குப் பக்கத்து ரோபோட்டில்
சிவப்பு விழுந்தது தெரியும்.
பச்சை தெரியாது.
தூங்கிவிட்டேன்.
பின்னால் ஹார்ன் அடித்த டாக்ஸிக்காரனிடம்
ஜூலுவில் ஏதோ சொல்லிவிட்டு
அடுத்த தெருவில்
இரண்டு கார்களுக்கு நடுவே
பின்பக்கமாக நுழைத்து நிறுத்தினாளாம்.
முதல் தடவையாகச் சரியாக.
அதைப் பார்க்க நான் விழித்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
டாக்டர் ஸ்வேலி புரதக் கணக்கைப் படித்துக்கொண்டே போனார்.
"என் குரல்..." என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தார்.
பின்னால் வந்து நின்று
கழுத்தில் விரல் வைத்துத்
தண்ணீர் தந்து விழுங்கச் சொன்னார்.
விரலுக்கடியில் ஏதோ ஏறி இறங்கியது.
முப்பத்தாறு வருஷம் அங்கே குடியிருந்தும்
ஒரு தடவைகூட நான் விசாரிக்காத ஒன்று.

ரத்தத்தில் டி.எஸ்.எச். நாற்பத்தொன்று.
தைராய்டுக்கு எதிராகவும் அணுக்கள்
சாட்சி எழுதி வைத்திருந்தன.
லூபஸ்காரர்களுக்கு இது வருவதுண்டு,
தேடியிருக்க வேண்டும் என்றார்.
அந்த 'வேண்டும்' யாருக்கு என்று
இரண்டு பேரும் சொல்லவில்லை.

புரதம் ஒரு டாக்ஸி, ஹார்மோன் அதில் பயணி,
சல்லடை ஓட்டையானால்
பயணியும் சேர்ந்து போய்விடும்:
இது புரிந்தது.
ஆனால் உன் வீட்டுக் காவல் கம்பெனியே
உன்னைச் சுடுகிறது என்று ஆரம்பித்ததும்
நிறுத்தச் சொன்னேன்.
தினமும் பார்க்கிறேன் டாக்டர்,
பதறிய கால்
பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்.
கெட்ட எண்ணமில்லை.
மிதித்தது தவறு, அவ்வளவுதான்.

"இன்னொன்றா? இன்னும் எது பாக்கி?"
பிரேவன் கேட்டான்.
விரல்விட்டு எண்ணப் போனேன்,
என் கையை மூடிப் பிடித்துக்கொண்டான்.

காலை ஐந்து மணிக்கு
வெறும் வயிற்றில் வெள்ளைப் பொட்டு மாத்திரை.
டீ காத்திருக்கட்டும்.
கால்சியம் நான்கு மணி நேரம்
வரிசையில் நிற்கட்டும்.

ஜூனில், ஊரே கம்பளி தேடும்போது
நான் கழற்றினேன்.
புரதம் இன்னும் கசிகிறது.
வாத்து பாதி திரும்பியிருக்கிறது.

ராஸ்பர்க்கில் தோபிலே பாஸ்.
தங்கையின் பழைய காரில்
என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.
இந்த இடது இருக்கைக்கு
பிரேக் கிடையாது.
வளைவு வரும்போதெல்லாம்
என் கால்
வெறும் தரையை மிதித்துப் பார்க்கிறது.